இறங்கினால் போதாது, நிரம்பிக் கிளம்பவும் வேண்டும்

குட்டையான ஓடுபாதை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தரையிறங்கும் காணொளிகள்தான். நேபாளத்தின் லுக்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 527 மீட்டர் நீளம், கடல் மட்டத்திலிருந்து 2,845 மீட்டர் உயரம், ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளத்தாக்கு. அதில் ட்வின் ஆட்டர் என்ற சிறு புரொப்பெல்லர் விமானம் வந்து உட்காருவதைப் பார்க்கும்போது நமக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். நான் அந்தக் காணொளிகளை இப்போதும் பார்க்கிறேன், சலிப்பதே இல்லை. ஆனால் எந்த வழித்தடத்தில் எந்த விமானத்தை விடுவது என்று விமான நிறுவனத்துக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு இறங்குவது பாதிப் பிரச்சினைதான், பல ஊர்களில் பாதிகூட இல்லை. வரும் வழியிலேயே எரிபொருள் தீர்ந்து எடை குறைந்துதான் விமானம் வந்து இறங்குகிறது. திரும்பிப் போகும்போதுதான் டாங்கை நிரப்ப வேண்டும், ஆட்களை ஏற்ற வேண்டும், பெட்டிகளை ஏற்ற வேண்டும், இத்தனையோடும் அதே ஓடுபாதையிலிருந்து கிளம்ப வேண்டும். இந்த விமானம் அங்கே இறங்குமா என்று வெளியே இருக்கும் நாம் கேட்போம். அங்கிருந்து எத்தனை பேரோடு கிளம்பும் என்பதுதான் நிறுவனத்தின் கேள்வி.

இந்தக் கணக்குக்கென்றே ஒவ்வொரு நிறுவனத்திலும் பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியர்கள் இருப்பார்கள். பயணிகளில் பெரும்பாலோர் கேள்விப்பட்டே இருக்காத வேலை. போயிங், ஏர்பஸ், ஏடிஆர், எம்ப்ரேயர் எல்லாமே விமான நிலையத் திட்டமிடலுக்காக ஒரு கையேட்டைப் பொதுவில் வைத்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதில் வரும் வரைபடங்களில் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் தேவைப்படும் ஓடுபாதை நீளம், நடுவில் விமான நிலையத்தின் உயரத்துக்கு ஒன்றாக வளைந்து வளைந்து போகும் கோடுகள். படிக்கப் பழகிவிட்டால் வெகு நேரம் ஓடிவிடும். ஒரு விமானத்துக்கு இத்தனை மீட்டர் ஓடுபாதை வேண்டும் என்று இணையத்தில் ஒற்றை எண்ணாகப் போட்டிருப்பார்களே, அப்படி ஒரு எண்ணே கிடையாது என்பது அந்தக் கோடுகளைப் பார்த்த உடனே புரிந்துவிடும். கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், காற்றே இல்லாமல், காய்ந்த தரையில் அந்த விமானத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் அந்த ஒற்றை எண் சொல்கிறது. நிஜத்தில் அப்படிப்பட்ட நாள் எப்போதாவதுதான் வரும்.

கிளம்பும் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கிறது. வி1 என்று ஒரு வேகத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அந்த வேகத்தைத் தொடும் வரை ஏதாவது கோளாறு வந்தால் பிரேக் பிடித்து நின்றுவிடலாம், ஓடுபாதை போதும். அதைத் தாண்டிய பிறகு இன்ஜின் நின்றே போனாலும் நிற்கக் கூடாது, மிச்சம் இருக்கும் இன்ஜினை வைத்துப் பறந்துதான் ஆக வேண்டும். காய்ந்த ஓடுபாதை என்றால் தரையிலிருந்து 35 அடி உயரத்தை அதற்கென ஒதுக்கிய தூரத்துக்குள் தொட்டிருக்க வேண்டும். நின்றாலும் இடம் போத வேண்டும், பறந்தாலும் இடம் போத வேண்டும். ஆக, ஒரு இன்ஜின் சரியாக மிக மோசமான நொடியில் நின்றுபோகிறது என்று வைத்துக்கொண்டு அதற்கும் சேர்த்துத்தான் ஒவ்வொரு முறையும் கிளம்புகிறார்கள். ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் மேலே எழும்பிவிடும் விமானத்துக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நாம் பார்ப்பது எல்லா இன்ஜினும் வேலை செய்யும் நாளை. நீளம் போட்டிருப்பது வேலை செய்யாத நாளுக்கு.

இதோடும் முடியவில்லை. தரையை விட்டு எழும்பி, சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, ஒரு இன்ஜின் இல்லாமலேயே இரட்டை இன்ஜின் விமானம் குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற வேண்டும். அதாவது 1,000 மீட்டர் முன்னால் போனால் 24 மீட்டர் மேலே. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் எடையும் வெப்பமும் சேர்ந்துவிட்டால் இந்த 24 மீட்டருக்காகத்தான் பெட்டிகள் கீழே இறக்கப்படுகின்றன. எதிரே மலையோ கட்டடமோ இருந்தால் அதற்குத் தனியாக இன்னும் வேண்டும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. இறக்கையின் பின்புறத்திலிருந்து கீழே நீளும் ஃபிளாப்பை அதிகமாக நீட்டினால் குறைந்த வேகத்திலேயே தூக்கு விசை கிடைத்துவிடும், ஓடும் தூரம் குறையும். ஓடுபாதை குட்டையென்றால் அதிகமாக நீட்டிவிட வேண்டியதுதானே? முடியாது. நீட்டிய ஃபிளாப் காற்றை எதிர்த்து இழுக்கும், அந்த இழுவையில் ஒரு இன்ஜினோடு ஏறும் சரிவு குறைந்துவிடும். ஓடுபாதை குட்டை, அதன் முனையில் குன்று என்றால் இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும்: ஓடுபாதைக்காக ஃபிளாப்பை நீட்டினால் குன்று தடுக்கும், குன்றுக்காகக் குறைத்தால் ஓடுபாதை போதாது. நடுவில் எங்கோ ஒரு புள்ளியில் அதிகபட்ச எடை கிடைக்கும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் அந்த இன்ஜினியரின் தொழில்.

நான்கு இன்ஜின் வைத்த குட்டி விமானங்கள் ஏன் வந்தன என்பதும் இதை வைத்தே விளங்கும். இரண்டில் ஒன்று போனால் பாதி சக்தி போய்விடும், நான்கில் ஒன்று போனால் கால்வாசிதான். டி ஹேவிலண்ட் கனடா தயாரித்த டாஷ் 7 வெறும் 50 பேர் உட்காரும் விமானம், ஆனால் நான்கு புரொப்பெல்லர். 1987-இல் லண்டன் சிட்டி விமான நிலையம் திறந்தபோது அங்கே சேவை தொடங்கியது இந்த விமானம்தான். அப்போது ஓடுபாதை ஆயிரம் மீட்டரைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவே. இறங்கும் கோணம் 7.5 டிகிரி. சாதாரண விமான நிலையங்களில் அது 3 டிகிரி. 1992-இல் ஓடுபாதையை நீட்டி, கோணத்தை 5.5 ஆகக் குறைத்த பிறகு பிஏஇ 146 என்ற ஜெட் உள்ளே வந்தது. அதற்கும் நான்கு இன்ஜின். அந்த 146-இல் பின்னோக்கித் தள்ளும் ரிவர்ஸ் வசதியே கிடையாது. அதற்குப் பதிலாக வால் முனை இரண்டாகப் பிளந்து விரியும், இறக்கை மேல் ஸ்பாய்லர்கள் என்ற பெரிய தடுப்புப் பலகைகள் எழும்பும், அப்புறம் நல்ல பிரேக். அது இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வால் திறப்பு மறக்காது. ஆனால் நான்கு இன்ஜின் என்றால் நான்கையும் பராமரிக்கும் செலவும் கூடவே வரும். டாஷ் 7 மொத்தம் 113 தான் செய்யப்பட்டன, இரண்டு இன்ஜின் டாஷ் 8 வந்ததும் அதன் கதை முடிந்தது.

வெப்பமும் உயரமும் அடுத்த இரண்டு வில்லன்கள். காற்று சூடானால் லேசாகிறது, உயரத்தில் ஏற்கனவே லேசு. இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், இன்ஜினுக்கு மூச்சு குறையும், புரொப்பெல்லருக்குப் பிடி குறையும். பொலிவியாவின் எல் ஆல்டோ 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, ஓடுபாதையும் ஏறக்குறைய 4,000 மீட்டர் நீளம், ஆனால் விமானத்தின் கண்ணுக்கு அது குட்டையான ஓடுபாதைதான். அங்கிருந்து முழு டாங்கோடு கண்டம் விட்டுக் கண்டம் பறப்பது நடக்காத காரியம். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் வெப்பம் 48 டிகிரியைத் தொட்டபோது சிஆர்ஜே வகைச் சிறு ஜெட்டுகளின் சேவைகள் டஜன் கணக்கில் ரத்தாயின, ஏனென்றால் அந்த விமானத்துக்குச் சான்றளிக்கப்பட்ட வெப்ப வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். அதே நாளில் அதே இடத்தில் பெரிய விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஒரு ஊரின் சராசரி வெப்பத்தை வைத்து யாரும் விமானம் வாங்குவதில்லை. அந்த ஊரின் சூடான மாதத்தில், சூடான மதியத்தில், பெரும்பாலான நாட்களில் தாக்குப்பிடிக்குமா என்று பல வருட வானிலைப் பதிவுகளை வைத்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கை நேரில் உணர்ந்தது ஒரு தீவில். சிறிய டர்போப்ராப், அதாவது டர்பைன் இன்ஜின் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானம், மதிய நேரம், கவுண்டரில் காத்திருப்புப் பட்டியலில் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவர் கையில் மருத்துவமனைக் கோப்பு இருந்தது. உள்ளே ஏறிப் பார்த்தால் கடைசி வரிசைகள் காலி. வெளியே நின்றவர்களை ஏற்றவில்லை. இறங்கிய பிறகு நிலைய ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். "சீட் இருக்கு சார், வெயிட் இல்லை" என்றார். காலைச் சேவை என்றால் இன்னும் சிலரை ஏற்றியிருக்கலாமாம், மதிய வெயில் அந்த இடங்களைச் சாப்பிட்டுவிட்டது. அதைக் கவுண்டரிலேயே அந்த மனிதர்களிடம் யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அவர்கள் யாரோ வேண்டியவர்களுக்காக இடத்தைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

எடை குறைக்க வேண்டும் என்றால் எதைக் குறைப்பது? ஆட்களையா, சரக்கையா, எரிபொருளையா? எரிபொருளைக் குறைத்தால் தூரம் போக முடியாது, வழியில் ஒரு இடத்தில் இறங்கி நிரப்ப வேண்டும். இதை ஒரு வியாபாரமாகவே மாற்றிக் காட்டியது பிரிட்டிஷ் ஏர்வேஸ். 2009 முதல் 2020 வரை லண்டன் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்கு ஏர்பஸ் ஏ318 விமானத்தை விட்டார்கள். ஓடுபாதை 1,508 மீட்டர். அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் அளவு எரிபொருளோடு எழும்ப முடியாது. எனவே அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்பினார்கள், அந்த நேரத்தில் பயணிகள் அங்கேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை முடித்துக்கொண்டார்கள், நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி மாதிரி நேராக வெளியே நடந்தார்கள். நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய விமானத்தில் 32 இருக்கைகள்தான், எல்லாம் பிசினஸ் வகுப்பு. திரும்பி வரும்போது நியூயார்க்கின் நீண்ட ஓடுபாதையிலிருந்து நேராக லண்டன். குட்டை ஓடுபாதை போட்ட நிபந்தனைகளில் ஒன்றைக்கூட எதிர்க்காமல் ஒவ்வொன்றையும் டிக்கெட் விலைக்குள் மடித்துக்கொண்ட திட்டம் அது. நகரத்தின் நிதி மையத்துக்குப் பக்கத்தில் ஓடுபாதை இருந்ததால் அந்த விலைக்கு ஆள் இருந்தது. வேறெங்கும் அது எடுபட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இறங்கும் கணக்கும் சும்மா இல்லை. ஓடுபாதை முனையை 50 அடி உயரத்தில் கடந்து, தொட்டு, முழுமையாக நிற்க ஒரு ஜெட்டுக்கு எத்தனை மீட்டர் ஆகிறது என்று சோதனைப் பறப்பில் அளப்பார்கள். போய்ச் சேரும் இடத்தில் இறங்கக் கிடைக்கும் நீளத்தில் அந்தத் தூரம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கிளம்பும் முன் பார்க்க வேண்டிய விதி. 1,500 மீட்டர் இருந்தால் 900 மீட்டரில் நிற்கக்கூடிய எடையோடுதான் போகலாம். தரை ஈரம் என்றால் தேவைப்படும் நீளத்தோடு இன்னும் 15 சதவீதம் சேர்க்க வேண்டும், அப்போது அதே 1,500 மீட்டருக்கு 780 மீட்டர் சொச்சத்தில் நிற்கும் எடைதான். ஐரோப்பிய விதிகளில் டர்போப்ராப்புக்கு 60-க்குப் பதில் 70 சதவீதம், குட்டை ஓடுபாதைகளில் அவை தாக்குப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். காற்றுக்கும் ஒரு விதி உண்டு, அதை எழுதியவர்கள் மனிதர்களை அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றும்: எதிர்க்காற்று இருந்தால் அதில் பாதியைத்தான் உதவியாகக் கணக்கில் எடுக்கலாம், பின்காற்று இருந்தால் அதை ஒன்றரை மடங்காக எடுக்க வேண்டும். நல்லதைக் குறைத்து நினை, கெட்டதைக் கூட்டி நினை.

இவ்வளவு இடைவெளி எதற்கு என்று கேட்பவர்கள் கோழிக்கோட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்டு 7 அன்று மழையில், சுமார் 14 நாட் (மணிக்கு ஏறக்குறைய 26 கி.மீ.) பின்காற்றோடு இறங்கிய போயிங் 737, 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறைய 1,350 மீட்டர் தாண்டிய பிறகுதான் தரையைத் தொட்டது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். 2,700 மீட்டர் குட்டையான ஓடுபாதையே இல்லை. தொட்ட இடத்தில்தான் அது பாதியாகிப்போனது. அகலமும் சமதளமும் தாராளமாக இருக்கும் இடத்தில் இப்படித் தொட்டால் விமானம் புல்லில் போய் நின்றிருக்கலாம். மேட்டின் மேல் கட்டிய ஓடுபாதையில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் இத்தகைய இடங்களுக்கு விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. எந்த விமானிகள், எத்தனை அனுபவம், மழையில் எவ்வளவு பின்காற்று வரை, இரண்டு முறை முயன்றும் முடியாவிட்டால் எங்கே போவது, இவை எல்லாமே அந்தத் தேர்வின் பகுதிதான்.

பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குட்டை ஓடுபாதையில் அழுத்திப் பிடித்த பிரேக் நன்றாகச் சூடாகிவிடும். ஏர்பஸ் ஏ320 குடும்பத்தில் பிரேக் வெப்பம் 300 டிகிரிக்கு மேல் காட்டினால் கிளம்பக் கூடாது, ஆற வேண்டும். சூடான பிரேக்கோடு கிளம்பி வி1-க்கு முன் நிறுத்த வேண்டி வந்தால் அது பிடிக்காது. ஆறும் வரை வாசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அடுத்த சேவைத் தாமதம். ஒரே விமானத்தை ஒரு நாளில் பல முறை குட்டை ஓடுபாதைக்கு அனுப்பத் திட்டமிட்டால் காகிதத்தில் 30 நிமிடம் போட்ட இடைவேளை நிஜத்தில் கட்டுப்படியாகாது. பிரேக்கை ஆற்றும் மின்விசிறி வைத்து வாங்குகிறார்கள், அதற்கும் காசு, அதற்கும் எடை.

சரி, எந்த விமானம்தான் இதற்கெல்லாம் ஒத்துவரும்? ஜெட்டில் பெரும்பாலும் குடும்பத்தின் கடைக்குட்டிகள். ஏ319-க்கு ஏ320-இன் இறக்கையே இருக்கிறது, உடல் மட்டும் குட்டை. அதே இறக்கை குறைந்த எடையைச் சுமப்பதால் மெதுவாக வரலாம், குறைவாக ஓடலாம். பூட்டானின் பாரோவுக்கு 2004 முதல் ஏ319 பறப்பது இதனால்தான், அதற்கு முன் அங்கே பிஏஇ 146 பறந்தது. குறை என்னவென்றால் ஒரு இருக்கைக்கான செலவு அண்ணன் விமானத்தைவிடக் கூடுதல். இப்போது ஏ220-உம் எம்ப்ரேயரின் புதிய இ2 வரிசையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுவருகின்றன. அவற்றின் இறக்கை சொந்த அளவுக்கே வடிவமைத்தது.

இருக்கும் விமானத்தையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்ட நிறுவனமும் உண்டு. ரியோ டி ஜெனிரோவின் சாந்தோஸ் டுமாண்ட்டில் முதன்மை ஓடுபாதை 1,323 மீட்டர், இரண்டு முனையிலும் தண்ணீர். பிரேசிலின் கோல் நிறுவனத்துக்கு அங்கே 737-800 ஓட வேண்டும், 737-800-க்கோ அந்த நீளம் ஆகாது. போயிங் ஒரு தொகுப்பே தயாரித்தது: கிளம்பும்போது இறக்கை முன்விளிம்பு இடைவெளியில்லாமல் மூடிக்கொள்ளும்படி மாற்றினார்கள், இறங்கும்போது ஸ்பாய்லர்கள் இன்னும் நிமிர்ந்து எழும்பச் செய்தார்கள், மெதுவான வேகத்தில் மூக்கைத் தூக்கும்போது வால் தரையில் உரசாமல் இருக்க இரண்டு நிலைகளில் நிற்கும் ஒரு தாங்கியை வாலுக்கடியில் வைத்தார்கள். 2006-இல் வந்தது. ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான், சேர்த்துப் பார்த்தால் ஒரு விமான நிலையமே திறந்துகொண்டது. பின்னால் 737-900இஆர்-க்கும் இதே பயன்பட்டது, ஒரு குட்டை ஓடுபாதைக்காக யோசித்தது எங்கெல்லாம் போய் உதவுகிறது பாருங்கள்.

1,300 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் பொதுவாக டர்போப்ராப் ராஜ்ஜியம். லட்சத்தீவின் அகத்தியில் சுமார் 1,200 மீட்டர், இரு பக்கமும் கடல், ஏடிஆர் போகிறது. புரொப்பெல்லர் தள்ளும் காற்று இறக்கை மேலேயே வழிந்து ஓடுவதால் குறைந்த வேகத்திலும் தூக்கு விசை கிடைக்கிறது. தொட்டவுடன் இலைகளின் கோணத்தைத் தட்டையாக்கினால் புரொப்பெல்லரே முழு வட்டத் தகடு போலக் காற்றைத் தடுக்கும், இன்னும் திருப்பினால் பின்னோக்கித் தள்ளும், அதுவும் ஜெட் மாதிரி காத்திருக்க வைக்காமல் உடனே. அதற்கும் கீழே, கரீபியனின் சாபா தீவில் 400 மீட்டர் மட்டுமே, அங்கே 19 பேர் அமரும் ட்வின் ஆட்டரைத் தவிர வேறு பேச்சே இல்லை.

ஆனால் பறக்கும் விமானம் கிடைத்துவிட்டாலே வாங்கிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு வழித்தடத்துக்காகத் தனி வகை விமானம் வைத்தால் அதற்குத் தனி விமானிகள், தனிப் பயிற்சி, தனி உதிரிபாகம், தனி மெக்கானிக்குகள். எல்லாவற்றையும்விட, அது ஒரு நாள் பழுதானால் மாற்றாக அனுப்ப நிறுவனத்திடம் இருக்கும் மற்ற விமானங்களில் ஒன்றுகூட அங்கே இறங்காது. பயணிகள் மாட்டிக்கொள்வார்கள். பல நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் பின்வாங்குகின்றன. டொரன்டோவின் தீவு விமான நிலையமான பில்லி பிஷப்பில் ஓடுபாதை 1,216 மீட்டர், ஜெட்டுகளுக்கு அனுமதியும் இல்லை. அங்கே க்யூ400 டர்போப்ராப் விட்டு வளர்ந்த போர்ட்டர் நிறுவனம் 2013-இல் சிசீரீஸ் ஜெட்டுகளை (இன்றைய ஏ220) வாங்கத் திட்டமிட்டது, ஓடுபாதையை நீட்டி ஜெட்டுக்கும் அனுமதி கொடுங்கள் என்று கேட்டது. 2015-இல் கனடாவின் மத்திய அரசு மறுத்தது. கடைசியில் எம்ப்ரேயர் இ195-இ2 வாங்கி, நகரின் பெரிய விமான நிலையத்திலிருந்து ஜெட் சேவையைத் தொடங்கினார்கள். ஓடுபாதைக்கு ஏற்ற விமானம் கிடைக்காவிட்டால் விமானத்துக்கு ஏற்ற ஓடுபாதைக்கு நிறுவனம் இடம் மாறிவிடும், நகரத்துக்கு இரண்டு விமான நிலையம் இருந்தால்.

செயின்ட் ஹெலினாவுக்கு முன்பு ஒன்றுகூட இருந்ததில்லை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கி.மீ. தள்ளி அட்லாண்டிக்கின் நடுவில் இருக்கும் தீவு, அப்போது கப்பல்தான் ஒரே வழி. பிரிட்டிஷ் அரசு ஏறக்குறைய 28.5 கோடி பவுண்டு செலவில் அங்கே ஒரு விமான நிலையம் கட்டியது. 2016 ஏப்ரலில் 737-800 சோதனைக்கு வந்தது, முதல் முயற்சியில் இறங்க முடியவில்லை, மேலே போய்ச் சுற்றி வந்துதான் இறங்கியது. ஓடுபாதையின் ஒரு முனை செங்குத்தான பாறை விளிம்பு, அங்கே மோதி எழும் காற்றில் கடும் விண்ட் ஷியர், அதாவது காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறுவது. மறுமுனை வழியாக வரலாம், ஆனால் அங்கே பின்காற்று. பின்காற்று என்றால் தூரம் நீளும், முழு எடை 737-க்கு ஓடுபாதை போதாது. கட்டி முடித்த விமான நிலையம் சேவை இல்லாமல் நின்றது. அந்த வருடமே நான்கு இன்ஜின் அவ்ரோ ஆர்ஜே100 ஒன்று, 146-இன் வாரிசு, வந்து இறங்கிக் காட்டியது. 2017 அக்டோபர் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க், எம்ப்ரேயர் 190-ஐ வைத்து வாராந்திரச் சேவையைத் தொடங்கியது. 99 இருக்கை விமானம், தொடக்கத்தில் 76 பேர் வரைதான் ஏற்றினார்கள். தீவில் இறங்க முடியாமல் போனால் ஆப்பிரிக்கா வரை திரும்பிப் போகும் எரிபொருளும் கூடவே வர வேண்டும், அந்த எரிபொருளின் எடை ஆட்களின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த 23 காலி இருக்கைகளை யாரும் வீண் என்று சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அந்த இருக்கைகள் காலியாகப் போவதால்தான் மீதி 76 பேர் போக முடிகிறது.

எனக்கு இப்போது உண்மையில் கவலை தருவது நார்வே. அங்கே கடற்கரை நெடுக 800 மீட்டர் அளவில் ஓடுபாதைகளை 1960-களின் கடைசியிலிருந்தே கட்டிவைத்தார்கள். மருத்துவமனைக்கும் படிப்புக்கும் வேலைக்கும் மக்கள் அதில்தான் போய் வருகிறார்கள். விடெரோ நிறுவனம் முதலில் ட்வின் ஆட்டர், பிறகு டாஷ் 7, பிறகு 39 பேர் அமரும் டாஷ் 8-100 என்று மாற்றிக்கொண்டே வந்தது. டாஷ் 8-100 உற்பத்தி நின்று இரண்டு பத்தாண்டுகள் ஆகின்றன. இருப்பதைத்தான் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். ஏடிஆர் ஒரு வழி காட்டியது: ஏடிஆர் 42-600எஸ், 40 பேரோடு 800 மீட்டரில் கிளம்பும் என்று 2019-இல் அறிவித்தார்கள். வாலில் திசை திருப்பும் பெரிய ரட்டர், இறங்கும்போது இரு பக்கமும் சேர்ந்து எழும் ஸ்பாய்லர், தானியங்கி பிரேக். 2024 நவம்பரில் கைவிட்டார்கள், எதிர்பார்த்த அளவு சந்தை இல்லை என்று. வணிகமாகப் பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான். ஆனால் குட்டை ஓடுபாதை ஊர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்கில் வந்தால் எந்தத் தொழிற்சாலைக்கும் அது போதாது. அரசுகள் பல சேர்ந்து ஒரே ஆர்டராக இவ்வளவு விமானம் எடுத்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் திட்டம் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஓடுபாதையை நீட்ட மலையை வெட்டியும் கடலை நிரப்பியும் செலவழிக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருந்திருக்காது, தவிர சாபா போன்ற இடத்தில் நீட்ட இடமே கிடையாது, இரு முனையிலும் செங்குத்தாகக் கடல்.

இப்படி ஒன்று உயிர்த்தெழுந்ததும் உண்டு. 1988-இல் நின்றுபோன ட்வின் ஆட்டரின் உரிமையைக் கனடாவின் வைக்கிங் ஏர் 2006-இல் வாங்கி, 2010-இலிருந்து புதிதாகச் செய்து விற்றது, இன்றும் புதியது கிடைக்கிறது. அதில் 19 இருக்கை, கேபினில் காற்றழுத்தம் கிடையாது. டாஷ் 8-100-இன் 39 இருக்கைகளுக்கு அது மாற்றாகாது.